தேஜஸ் பிறப்பது சூலூரிலா?

'தேஜஸ் போர் விமானம் சூலூரில் தயாராகிறது. அதில் நம் காவேரி எஞ்சின் ஓடுகிறது' என்றொரு செய்தி கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சூலூரில் இருப்பது விமானப்படைத் தளம். 2018-இல் தேஜஸின் முதல் படைப்பிரிவு பெங்களூருவிலிருந்து இங்கே வந்தது; 2020 மே மாதம் இரண்டாவது பிரிவு இங்கேயே தொடங்கப்பட்டது. விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனையும் இங்கு உண்டு. குழப்பம் அங்கிருந்தும் கிளம்பியிருக்கலாம். விமானத்தை முழுமையாக இணைத்துப் பறக்கவிடுவது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) என்ற அரசு நிறுவனம், முதன்மையாகப் பெங்களூருவில்.

எஞ்சின் அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட காவேரி எஞ்சின் தேவையான உந்துவிசையை எட்டாததால் 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்காக உழைத்த பொறியாளர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தேஜஸில் ஓடாத எஞ்சினை ஓடுவதாகச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கொங்கு மண்ணுக்குப் பெருமை வேண்டுமென்றால் உண்மையிலேயே இருக்கிறது. தேஜஸின் மேம்படுத்தப்பட்ட வடிவமான மார்க்-1ஏ விமானத்துக்கான இறக்கைத் தொகுதியின் முதல் தொகுப்பை 2025 மார்ச்சில் எச்.ஏ.எல்-இடம் ஒப்படைத்தது எல் அண்ட் டி-யின் கோவை ஆலை. பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள்.