சிகரெட் வாடையே ஆகாது அம்மாவுக்கு

நீங்கள் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய்க் கட்டுரையில் காரணம், பரிசோதனை, சிகிச்சை எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் புகைக்காதவர்களுக்கும் வரும் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

எங்கள் வீட்டில் யாரும் சிகரெட்டைத் தொட்டதில்லை. சிங்கப்பூரில், தோபாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே யாராவது பற்றவைத்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார் அம்மா. அவருக்குத்தான் 3 மாதமாக வறட்டு இருமல். பக்கத்துக் கிளினிக்கில் இருமல் மருந்து, பிறகு அலர்ஜி மாத்திரை, மறுபடியும் இருமல் மருந்து. எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியவில்லை. இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம் என்பது சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் அடினோகார்சினோமா என்கிற வகை நுரையீரல் புற்றுநோய். அதோடு விடாமல் மரபணுச் சோதனையும் செய்தார்கள். நீங்கள் விரிவாக எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். கிழக்காசியாவில் இந்த வகை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் கட்டியில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் (EGFR) மரபணுவில் மாற்றம் இருக்கிறது. புகைக்காத பெண்களிடம் இன்னும் அதிகம். அம்மாவுக்கும் அதுதான். அதனால் கீமோ இல்லாமல் தினமும் அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓர் ஓசிமெர்டினிப் மாத்திரை. முடி கொட்டவில்லை. ஆனால் நகக்கண் வெடித்து எரிகிறது, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் பூண்டு உரிக்கிறார்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வாசலிலேயே கேட்பது: “ஏன், அண்ணன் ரகசியமா ஊதுவாரோ?” அப்பா ஒன்றும் சொல்லாமல் தேநீர் போட எழுந்து போய்விடுகிறார்.