பிறவிக் குறை பாவத்தின் சம்பளமா?

"குழந்தையின் பிறவிக் குறை, பெற்றோர் செய்த பாவத்துக்குத் தேவன் தரும் தண்டனை, ஆதாரம் யாத்திராகமம் 20:5" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடம் விசாரிப்பதாகச் சொல்லும் அந்த பைபிள் வசனம் இருக்கிறது, முடிவுதான் தவறு. அது தேவனைப் பகைக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது; இரக்கத்தைச் சொல்லும் அடுத்த வசனத்தை வசதியாக விட்டுவிட்டார்கள்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீடர்களே கேட்டார்கள். இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்றார் இயேசு. உமிழ்நீரால் சேறு குழைத்து அவன் கண்களில் பூசி, அவனுக்குப் பார்வை கிடைக்கச் செய்தார். யோவான் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20-உம் நேராகவே சொல்கிறது.

எல்லாரும் பாவிகள் என்பது கிறிஸ்தவப் போதனைதான். ஆனால் ரோமர் 3:23-இல் அதைச் சொல்லும் பவுல், கிருபையால் இலவசமாக நீதிமான்களாக்கப்படுவதை அடுத்த வசனத்திலேயே சொல்கிறார்.

இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் குழுவில் அப்படியொரு குழந்தையின் தாயும் இருக்கக்கூடும்.