மேம்படுத்த மேம்படுத்தச் சுருங்கும் எங்கள் கிரவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணி. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினோரு பையன்கள். கையில் பேட், சாக்குப் பையில் ஸ்டம்பு, பாதிப் பேர் காலில் செருப்புகூட இல்லை. வாட்ச்மேன் தாத்தாவிடம் சாவி கிடையாது. அது கான்ட்ராக்டருடைய ஆளிடம் இருக்கிறது. அவர் ஏழரைக்கு வருவார், சில ஞாயிறு வரவே மாட்டார். ஏழரைக்கு வெயில் ஏறிவிடும், எட்டரைக்கு டியூஷன். பொறுக்க முடியாமல் ஒருத்தன் கேட் மேல் ஏறிவிட்டான். மேலே ஈட்டி மாதிரி கூர் வைத்த கம்பி. தொடை கிழிந்து ஏழு தையல். அவன் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மகன், சட்டையெல்லாம் கூட்டாளியின் ரத்தம்.

நாலு நாளாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மைதானத்துக்கு எதற்குப் பூட்டு? யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறீர்கள்? விளையாட வந்த பிள்ளைகளிடமிருந்து விளையாட்டு மைதானத்தையா?

நான் அந்த மண்ணில் ஆடி வளர்ந்தவன். 1990-களில் அது வெறும் பொட்டல். ஒரு ஓரத்தில் வேப்பமரம், இன்னொரு ஓரத்தில் துருப்பிடித்த கோல் போஸ்ட். ஒரே நேரத்தில் மூணு டீம் கிரிக்கெட், ஒரு டீம் ஃபுட்பால், மூலையில் கபடி. பந்து அடுத்த டீம் ஆடுகிற இடத்துக்குப் போனால் அவர்களே எடுத்து வீசுவார்கள். அன்றைக்கு எல்லை வைப்பதற்காகக் காலடி போட்டு அளப்போம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூற்றுப் பத்து காலடி, இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அதே கோடியிலிருந்து அளந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

மீதி எங்கே போச்சு? யாரும் திருடவில்லை. ஆக்கிரமிப்பு இல்லை, ரௌடி இல்லை, ரியல் எஸ்டேட் இல்லை. எல்லாம் 'மேம்பாட்டுப் பணி'.

முதலில் சுற்றிலும் பேவர் பிளாக் போட்டு வாக்கிங் டிராக். நல்லதுதான் என்று நானும் கை தட்டினேன். அப்புறம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அதற்கு மோட்டார் அறை. அப்புறம் ஓப்பன் ஜிம். அப்புறம் எட்டு போட்டு நடக்க ஒரு டிராக், கூழாங்கல் பதித்து ஒரு டிராக். செயற்கை நீரூற்று வந்தது. திறந்து வைத்த வாரம் தண்ணீர் பீச்சியது, இப்போது அது கொசு வளரும் தொட்டி. கடைசியாக ஊர் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி, லைட் போட்டு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்டிமேட், ஒரு டெண்டர், ஒரு ரிப்பன், ஒரு கல்வெட்டு. வாசலில் மட்டும் நாலு கல்வெட்டு நிற்கிறது. பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்காக ஒரு கைப்பிடி செம்மண் போட்டதாக அந்த நாலில் ஒன்றிலும் எழுதவில்லை.

நடக்க வருகிற பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் அப்பாவும் அங்கேதான் நடக்கிறார், சர்க்கரை இருக்கிறது, நடந்தே ஆக வேண்டும். ஆனால் டிராக் வந்த மூணாம் மாசமே போர்டு வந்துவிட்டது: 'பந்து விளையாட அனுமதி இல்லை'. நடக்கிறவர் மேல் பந்து படுமாம். பட்டால் வலிக்கும், உண்மைதான். அதற்கு வலை கட்ட வேண்டும் ஐயா! பத்தடிக் கம்பி நட்டு நைலான் வலை கட்டினால் ரெண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள். நீரூற்றுக்குச் செலவு செய்த பணத்தில் நாலு பக்கமும் கட்டியிருக்கலாம். பிள்ளையை வெளியே தள்ளுவது சுலபம் என்பதால் அதைச் செய்துவிட்டார்கள். இப்போது அந்தப் பையன்கள் சர்வீஸ் ரோட்டில் ஆடுகிறார்கள். தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில்.

மிச்சமிருக்கிற ஐம்பத்திரண்டு காலடியின் லட்சணத்தையும் சொல்கிறேன். மழைக்கு முன்னால் 'சமன்படுத்தும் பணி' நடந்தது. கொட்டியது செம்மண் இல்லை, இடித்த வீட்டின் கழிவு. டைல்ஸ் துண்டு, கண்ணாடிச் சில்லு, கம்பி முனை. மேலே மெல்லிசாக மண் தூவினார்கள், ரெண்டு மழையில் அது கரைந்து உள்ளே இருந்ததெல்லாம் பல்லிளிக்கிறது. டைவ் அடித்த பையனின் முழங்காலிலிருந்து பாத்ரூம் டைல்ஸ் துண்டை என் கையால் எடுத்தேன். நீலப் பூ போட்ட டைல்ஸ். கிரவுண்டு போடுவது பெரிய வித்தை இல்லை. பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்: நடுவில் லேசாக மேடு, நாலு பக்கமும் வாட்டம், ஓரத்தில் தண்ணி ஓடக் கால்வாய். சல்லி போக சலித்த மண்ணைக் கொட்டி, தண்ணி தெளித்து, ரோலர் ஓட்டு. அதன் பிறகு வாரம் ஒருமுறை தண்ணியும் ரோலரும். அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் கொடுக்க எந்தத் தலைப்பிலும் காசு இல்லையாம். கட்டுவதற்குக் காசு இருக்கிறது, கட்டியதைப் பார்த்துக்கொள்ளக் காசு இல்லை. உள்ளாட்சி ஆபீஸில் இருக்கிற இன்ஜினியர் நல்ல மனுஷன், அவரே சொன்னார்: "சார், எஸ்டிமேட்ல இல்லாததை நான் எப்படி செய்யறது?" எஸ்டிமேட்டில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

இதுபோக தீபாவளிக்குப் பட்டாசுக் கடை, கோடையில் பொருட்காட்சி, நடுநடுவே கட்சிக் கூட்டம். பந்தல்காரர் மூங்கில் நட்டு, வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். முழங்கை ஆழத்துக்குக் குழிகள் அப்படியே கிடக்கும். மேலே புல் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பந்தைத் துரத்துகிற பிள்ளை எங்கே கால் வைக்கும்? வாடகையை மட்டும் கணக்காக வாங்குகிறீர்கள், குழி மூடுவதற்கு ஒரு டெபாசிட் வாங்கக்கூடாதா? மூடியதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்களேன்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி கோ-கோ டீமில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாயங்காலம் இங்கேதான் நாலைந்து பெண் பிள்ளைகள் பயிற்சி எடுப்பார்கள். கழிப்பறை என்று ஒரு கட்டடம் இருக்கிறது, பெண்கள் பக்கம் எப்போதும் பூட்டு. ஒருநாள் சண்டை போட்டுத் திறக்க வைத்தேன். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, துடைப்பம், உடைந்த ஊஞ்சல். பிள்ளைகள் தண்ணி குடிக்காமலே வந்து ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாதத்தில் அந்த மூணு நாள் வருவதே இல்லை. ஆறரைக்கு மேல் ஹைமாஸ் லைட் எரியாது, இருட்டு மூலையில் பாட்டில் உருளும். ஒவ்வொருத்தியாக நின்றுபோனாள். கடைசியில் என் மகளும். "எனக்கே இன்ட்ரஸ்ட் போயிடுச்சுப்பா" என்றாள். பொய். பால்கனியில் நின்று அந்த கிரவுண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எனக்குத் தெரியாதா?

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லையில் உள்ள பூங்கா, திடல்களைப் பட்டியல் போட வேண்டும், பட்டியலில் உள்ளதை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. எங்கள் கிரவுண்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நாலு தடவை கேட்டுவிட்டேன், இன்னும் ஒரு தாள் கைக்கு வரவில்லை.

ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்குகிற நிலம் என்று ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுகிறவர்கள் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகம் அப்படிக் கொடுத்திருக்கிறது. பத்திரத்தில் அது பொதுமக்கள் நிலம். நேரில் போனால் செக்யூரிட்டி "எந்த ஃபிளாட்?" என்று கேட்கிறார். உள்ளே பச்சைப் புல்வெளி, சறுக்கு மரம், ஒரு குழந்தைகூட இல்லை. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் ரோட்டில் ஆடுகிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு அடிபடுகிறது, டர்ஃப், அதாவது செயற்கைப் புல் போடப் போகிறார்களாம். கேட்டதுமே வயிற்றைக் கலக்குகிறது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 செயற்கைப் புல் கால்பந்து திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டதே, மறந்துவிட்டீர்களா? ஜனங்கள் கொதித்ததால்தான் அதைக் கைவிட்டார்கள். மாதம் இருபது நாள் ஒரு மணி நேரம் ஆடினாலே ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபாய். தொடை கிழிந்த அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு வீட்டில் கிடைக்கிற மாதச் சம்பளம் அவ்வளவுகூட இல்லை. காசு உள்ளவர்களுக்குத் தனியார் டர்ஃப் தெருவுக்குத் தெரு இருக்கிறது, என் மகனுக்கே நான் பல ஞாயிறு காசு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூட்டாளி வர முடியாது என்று தெரிந்ததும் அவனும் போவதை நிறுத்திவிட்டான். அரசு கிரவுண்டு என்று ஒன்று இருப்பதே, பத்து ரூபாய் ரப்பர் பந்தோடு வருகிற பிள்ளைக்காகத்தான். வடசென்னை வியாசர்பாடியில் இத்தனை தலைமுறையாகக் கால்பந்து ஆட்டக்காரர்கள் உருவாகிக்கொண்டே இருக்கிறார்களே, மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டியா ஆடிப் பழகினார்கள்?

சொந்த ஊரிலும் இதே கதைதான். 2024-ல் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு வந்த பேட்டையும் வாலிபால் நெட்டையும் என் சித்தப்பா மகன் ஆசையாக எடுத்துக் காட்டினான். நெட்டை எங்கேடா கட்டுவீங்க என்றேன். நாங்கள் ஆடிய களத்துமேட்டில் இப்போது சிமெண்ட் கட்டடம் நிற்கிறது. நெட் பிரிக்காமலே மூலையில் கிடக்கிறது.

சுவர் ஏறினால் 'பொறுக்கிப் பசங்க'. ரோட்டில் ஆடினால் 'இடைஞ்சல்'. வீட்டில் உட்கார்ந்தால் 'எந்நேரமும் செல்ஃபோன்'. எங்கேதான் போவார்கள் அந்தப் பிள்ளைகள்? ஒரு இடம் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன்.

அந்த ஐம்பத்திரண்டு காலடியில் இனி ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. டிராக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வலை கட்ட வேண்டும். காலை அஞ்சரைக்குக் கேட் திறந்திருக்க வேண்டும், சாவி தாத்தா கையில் இருக்க வேண்டும். அந்தக் கூர்க் கம்பிகளை இந்த வாரமே அறுத்து எறிய வேண்டும். பெண்கள் கழிப்பறையில் தண்ணி வர வேண்டும், எட்டரை வரை லைட் எரிய வேண்டும். மண்ணைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவருக்கு மாதாமாதம் சம்பளம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பையன்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். என் மகளும் வருகிறேன் என்றிருக்கிறாள், மனுவை அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துத் தெருக்காரர்கள், நடக்க வருகிற பெரியவர்கள், யார் வந்தாலும் சரி, காலை ஒன்பதரைக்கு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள். ஐம்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போவதற்கு முன்னால் மிச்சமிருப்பதை எல்லார் முன்னிலையிலும் அளந்து, அந்த அளவை மனுவில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.