பதிவேட்டில் ஏறிவிட்டால் பாறை பிழைத்துவிடுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கராதா நகரில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஒப்பந்த வேலை. இரும்புத் தாது, உப்பு, எரிவாயு, இவற்றை வைத்துத்தான் பில்பரா வட்டாரமே பிழைக்கிறது. எங்கள் வீட்டில் உலை கொதித்ததும் பிள்ளைகள் படித்ததும் அந்தப் பணத்தில்தான். அதை மறைத்துவிட்டு நான் இதை எழுதக் கூடாது.

ஊரிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் முருஜுகா. வரைபடத்தில் பர்ரப் தீபகற்பம் என்று போட்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கொலையுண்ட ஒரு வங்கி எழுத்தரின் பெயர் அது. அந்த மண்ணின் மக்கள் சொல்லும் முருஜுகா என்ற பெயருக்குத் துருத்தி நிற்கும் இடுப்பெலும்பு என்று பொருள். தொலைவிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

முதல் முறை உச்சி வெயிலில் போனோம். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் கற்கள் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவ்வளவுதானா என்று திரும்பிப் போகப் பார்த்தோம். வெயில் சாயட்டும், பொறுங்கள் என்றார் எங்களுடன் வந்த பூர்வகுடி வனக்காவலர். மாலை நான்கரை மணி இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் ஒரு கல்லில் ஆமை எழுந்து வந்தது. ஓட்டின் கட்டங்கள், துடுப்புக் கால்கள், எல்லாம். அதற்கு மேலே ஒரு கங்காரு. பக்கத்தில் மீன். அதற்கும் அப்பால், இரண்டு வட்டக் கண்களோடு ஒரு மனித முகம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட செதுக்கல்கள் அந்தத் தீபகற்பத்திலும் சுற்றியுள்ள தீவுகளிலும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறார்கள். மிகப் பழையவற்றின் வயது ஐம்பதாயிரம் ஆண்டுகள் வரை போகலாமாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன டாஸ்மேனியப் புலியின் முதுகு வரிகளை அங்கே கல்லில் காணலாம். பார்த்துச் செதுக்கிய கை அது.

அந்த இடத்துக்குப் போகும் சாலையிலேயே உர ஆலையின் குழாய்கள் தெரியும். இன்னும் சற்று வடக்கே போனால் எரிவாயு நிலையம். 1980களில் அதைக் கட்டியபோது செதுக்கல்கள் உள்ள ஏறத்தாழ 1,800 கற்களைப் பெயர்த்தெடுத்து ஒரு வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை அங்கேயே கிடந்தன. கல் எந்தத் திசையைப் பார்த்து நின்றது, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது என்பதும் அந்தக் கதையின் பகுதி. இடம் பெயர்த்த கல்லில் படம் இருக்கும், கதை இருக்காது.

இதையெல்லாம் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அரசு பதிவு செய்து பாதுகாக்கவில்லையா?" நானும் அப்படித்தான் கேட்டேன். பதிவேட்டில் ஏறிவிட்டால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதே பில்பரா வட்டாரத்தில் உள்ள ஜூகன் பள்ளத்தாக்கின் கதையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கென்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பூர்வகுடித் தலங்களைச் சேதப்படுத்துவது குற்றம் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. அடுத்த பிரிவே, அமைச்சர் ஒப்புக்கொண்டால் சேதப்படுத்தலாம் என்கிறது. சுரங்க நிறுவனங்கள் 18ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கும். பெரும்பாலும் எல்லா விண்ணப்பங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் மண்ணின் மக்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. அரை நூற்றாண்டு இப்படியே ஓடியது.

ஜூகன் பள்ளத்தாக்கின் இரண்டு பாறைக் குகைகளில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். அது பூட்டு குன்ட்டி குர்ராமா, பினிகூரா மக்களின் மண். 2013இல் அவற்றைச் சேதப்படுத்த 18ஆம் பிரிவின் கீழ் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் அனுமதி வாங்கியது. மறு ஆண்டு அகழாய்வு நடந்தபோது 7,000 பொருட்களுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. மனிதத் தலைமுடியால் பின்னிய ஓர் இடைக்கச்சையின் துண்டு, நாலாயிரம் ஆண்டுப் பழமை. அதிலிருந்த மரபணுவைச் சோதித்தார்கள். இன்று அதே மண்ணில் வாழும் மக்களின் மரபணுவோடு அது பொருந்தியது. யாரோ ஒரு பாட்டி, தன் வீட்டார் தலைமுடியைச் சேர்த்துவைத்துப் பின்னியது, நூற்றுக்கும் மேற்பட்ட தலைமுறைகளைத் தாண்டிப் பேத்திகளின் கைக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய அனுமதி செல்லுபடியானது. புதிய சான்று கிடைத்தால் முடிவை மறுபரிசீலனை செய்ய அந்தச் சட்டத்தில் அன்று வழியே இருக்கவில்லை. 2020 மே 24, ஞாயிற்றுக்கிழமை, குகைகள் தகர்க்கப்பட்டன. பூர்வகுடிகளிடம் நாடு மன்னிப்புக் கோரும் நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. அந்த இடத்தைத் தவிர்க்கும் மூன்று மாற்றுத் திட்டங்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன என்பதும், அவற்றை அந்த மக்களிடம் சொல்லவே இல்லை என்பதும் நாடாளுமன்ற விசாரணையில்தான் வெளியே வந்தது. தலைமை அதிகாரியும் மேலும் இருவரும் பதவி விலகினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அன்று நடந்ததில் சட்டமீறல் எதுவும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பதிவு செய்வது என்றால் என்ன என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஓர் இடம் ஏன் புனிதமானது என்று அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், எழுதித் தர வேண்டும், எல்லை போட்டுக் காட்ட வேண்டும். சில செதுக்கல்களை ஆண்கள் மட்டுமே பார்க்கலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டுமே பார்க்கலாம், சில கதைகளை உரிய பருவத்தில் உரியவருக்கு மட்டுமே சொல்லலாம் என்று அந்த மக்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியே சொன்னால் முறை கெடும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும். இப்படி ஒரு நெருக்கடியில் ஒரு சமூகத்தை நிறுத்திவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முருஜுகாவில் இது இன்னும் கொடுமை. அந்த மண்ணுக்குரிய யபுரரா மக்கள் 1868இல் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் மிகச் சிலர். இன்று ஙர்லுமா, யிஞ்சிபார்ண்டி, மர்துதுனெரா உள்ளிட்ட மக்கள் சேர்ந்து அந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். கதை சொல்ல வேண்டியவர்களைக் கொன்றுவிட்டு, அவர்களின் உறவினரிடம் கதைக்குச் சான்று கேட்பது என்ன நியாயம்?

பதிவேட்டில் ஏறிய இடமும் அங்கே நிலைப்பதில்லை. புனிதத் தலம் என்றால் அங்கே சமயச் சடங்கு நடந்திருக்க வேண்டும், கதையும் பாட்டும் நம்பிக்கையும் மட்டும் போதாது என்று அதிகாரிகள் ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகப் பகுதியில் உள்ள ஒரு தலத்துக்காக மரபிகுர்ரின்யா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த விளக்கம் தவறு என்று 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படியேற முடிந்தவர்களுக்கு அந்த நியாயம் கிடைத்தது.

ஜூகனுக்குப் பிறகு மாநில அரசு புதுச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1. விவசாயிகளும் நில உரிமையாளர்களும் எதிர்த்தார்கள். ஐந்தே வாரத்தில், அந்தச் சட்டத்தை ரத்து செய்வதாக அரசே அறிவித்தது. அவசரமாகக் கொண்டுவந்தார்கள், சரியாக விளக்கவில்லை என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறையைத் திருத்தியிருக்கலாமே. சில திருத்தங்களோடு 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே திரும்பினார்கள். இப்போது நில உரிமை பெற்ற பூர்வகுடி அமைப்புகளும் மறுஆய்வு கேட்கலாம். புதிய தகவல் கிடைத்தால் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். நல்ல மாற்றங்கள்தான். என்றாலும் கடைசிச் சொல் அமைச்சருடையது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் முருஜுகாவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்தது. செய்தியைப் பார்த்து நான் அழுதேன். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், அருகிலுள்ள எரிவாயு நிலையம் 2070 வரை இயங்க மத்திய அரசு இறுதி அனுமதி கொடுத்தது, 48 நிபந்தனைகளோடு. பாறையின் மேல்தோல் இரும்பும் மாங்கனீசும் கலந்த மெல்லிய படலம். அதைக் கொத்தி, அடியில் இருக்கும் வெளிறிய நிறத்தை வெளியே கொண்டுவந்துதான் படங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆலைப் புகையிலிருந்து வரும் அமிலம் அந்தப் படலத்தை அரிக்கிறது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். பாதிப்பு பெரும்பாலும் பழைய காலத்துப் புகையால் வந்தது என்கிறது அரசுத் தரப்பு. வாதம் முடியட்டும். முடிவதற்குள் 2070 வரை கையெழுத்துப் போடுவானேன்?

பூர்வகுடி அமைப்புகளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவே என்று பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். உண்மைதான். மறுத்தாலும் வேலை நடக்கும், ஒப்புக்கொண்டால் கொஞ்சம் நிலமும் வேலைவாய்ப்பும் பராமரிப்புப் பொறுப்பும் கிடைக்கும் என்ற நிலையில் வாங்கிய கையெழுத்து. வெளிப்படையாக எதிர்த்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் ஜூகன் மக்களின் ஒப்பந்தத்தில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாதவரின் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ண மாட்டேன்.

நான் கேட்பது அந்த உரிமையைத்தான். தங்கள் தலத்தில் கை வைக்க வேண்டாம் என்று அந்த மக்கள் சொன்னால் அமைச்சரும் அதை மீற முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும். 2021இல் நாடாளுமன்றக் குழு தந்த இறுதி அறிக்கையும், அந்த மக்களின் சம்மதத்தை மையமாக வைத்த தேசியச் சட்டம் வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அறிக்கை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் அதைப் படியுங்கள், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் சென்ற வாரம் என் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பினேன். அந்த ஆமையின் படத்தை என் மகள் வரைந்து உறைக்குள் வைத்தாள்.