மிக்-21-க்கு ஒரு பல் செட்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி. மேலே முருகேசனின் பல் லேப். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், முருகேசன் பல் செட் செய்து திருப்பி அனுப்புவார். மின் வாரியத்தில் ஓய்வு பெற்ற மாணிக்கம் அவருடைய அக்கா வீட்டுக்காரர். ஓர் அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி மூச்சு வாங்க ஏறி வருகிறார்.

முருகேசன்: வாங்க மாமா. கடைவாய்ப் பல்லா?

மாணிக்கம்: என் பல்லுக்கு ஒன்றுமில்லை மச்சான். இதைப் பார். (பெட்டியைத் திறக்கிறார்.)

முருகேசன்: பிளாஸ்டிக் விமானம். பேரனுக்கா?

மாணிக்கம்: எனக்கு.

முருகேசன்: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) அக்காவுக்குத் தெரியுமா?

மாணிக்கம்: விமானம் தெரியும், விலை தெரியாது. இது மிக்-21. 72-இல் ஒரு பங்கு. நிஜ விமானம் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர், இது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் வழியனுப்பினார்கள்.

முருகேசன்: 62 வருஷ சர்வீஸா! உங்களை 60 வயதிலேயே அனுப்பிவிட்டார்களே.

மாணிக்கம்: அதனால்தான் இதை வாங்கினேன். பெங்களூரில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம். வீட்டுக்கு வந்து பிரித்தால் இறக்கை இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, விமானி உட்காருகிற இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. சீட் இல்லை, பிடித்து ஓட்டுகிற குச்சி இல்லை, மீட்டர் பலகை இல்லை. பாகங்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து யாரோ கிள்ளி எடுத்திருக்கிறார்கள்.

முருகேசன்: விற்றவரிடம் கேட்க வேண்டியதுதானே?

மாணிக்கம்: கேட்டேன். "அதனால்தானே சார் இந்த விலை" என்றார். ரெசினில் வார்த்த காக்பிட் தனியாக வெளிநாட்டில் கிடைக்கும். தபால் செலவும் சேர்த்தால் இன்னொரு விமானமே வாங்கலாம்.

முருகேசன்: வாங்கிவிடுங்கள்.

மாணிக்கம்: அப்புறம் விலையும் உன் அக்காவுக்குத் தெரிந்துவிடும். நீ செய்து கொடு. இல்லாத இடத்தில் பல் வைக்கிறவன்தானே நீ?

முருகேசன்: மேலே கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பதை யார் மாமா பார்க்கப் போகிறார்கள்?

மாணிக்கம்: நீ கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்குப் பாலிஷ் போடுகிறாயே, அதை யார் பார்க்கிறார்கள்?

முருகேசன்: யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

மாணிக்கம்: இந்த விமானத்துக்கு நான்தான் நாக்கு. ஆரம்பி.

(முருகேசன் பெருமூச்சு விட்டுக்கொண்டே மெழுகை எடுத்துவிட்டார். கையில் மெழுகு வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.)

முருகேசன்: சீட் எவ்வளவு உயரம் வேண்டும்?

மாணிக்கம்: 175 சென்டிமீட்டர் ஆள் இந்த அளவில் 2.4 சென்டிமீட்டர் இருப்பான். அவன் உட்கார்ந்தால் தலை மூடியில் இடிக்கக் கூடாது. போட்டோ கொண்டுவந்திருக்கிறேன். பக்கவாட்டில், முன்னால், மேலிருந்து.

முருகேசன்: டாக்டர்கள்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக அனுப்புவதில்லை. (செதுக்குகிறார்.) தலை சாய்க்கிற இடம் இது. முழங்காலுக்கு நடுவில் என்ன, வளையமா?

மாணிக்கம்: ஆபத்தில் அதைப் பிடித்து இழுத்தால் சீட்டோடு வெளியே எறிந்துவிடும்.

முருகேசன்: பல் டாக்டர் நாற்காலியில் இப்படி ஒன்று இருந்தால் பாதிப் பேர் இழுத்திருப்பார்கள். சரி, மெழுகு ரெடி. இதைச் சுற்றி சிலிகான் புட்டி அப்புகிறேன். ஈறு அளவெடுக்கிற பச்சை மாவு மலிவுதான், ஆனால் காயக் காயச் சுருங்கும். காலையில் வந்து பார்த்தால் சீட் முக்காலி ஆகியிருக்கும்.

மாணிக்கம்: அப்படியே விமானத்துக்கு உள்ளேயே ஊற்றிவிடேன், வேலை மிச்சம்.

முருகேசன்: (பதறி) கையை எடுங்க மாமா! பல் செட் வார்க்க நான் பவுடரோடு கலக்கிற திரவம் உங்கள் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். 62 வருஷம் பறந்ததை ரெண்டு நிமிஷத்தில் பாயசம் ஆக்கிவிடும். முதலில் அச்சில் வார்த்து, அது இறுகிய பிறகுதான் விமானத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டும்.

(அச்சில் ஊற்றுகிறார். மூலைகளில் காற்றுக் குமிழ் நிற்காமல் இருக்க ஊசி நுனியால் குத்திக் குத்தி விடுகிறார். காத்திருக்கிறார்கள்.)

முருகேசன்: ஞாயிற்றுக்கிழமை நாகாவதி அணைக்குப் போனேன் மாமா. தூண்டில் அடிக்கே போக மாட்டேன் என்கிறது, மேலேயே மிதக்கிறது. நரம்பு மட்டமென்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

மாணிக்கம்: (அவசரமாக) மீன் கிடக்கட்டும் மச்சான், இது இறுகிவிட்டதா பார்.

(அச்சைப் பிரிக்கிறார்கள். அழகான சீட். ஈறு நிறத்தில்.)

மாணிக்கம்: என்னடா இது, ரோஸ் கலரில்?

முருகேசன்: நான் பார்க்கிற தொழிலுக்கு இந்த நிறம்தான் அதிகம் விற்கும். பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

மாணிக்கம்: நல்ல வேளை, சீட் கறுப்பு, சுற்றிலும் உள்ள சுவர்தான் நீலப்பச்சை. பெல்ட்டுக்கு இதோ, மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள். மெல்லியதாக வெட்டி ஒட்டினால் துணி மாதிரியே மடங்கும். உன் அக்காவின் பிபி மாத்திரை.

முருகேசன்: மாத்திரை?

மாணிக்கம்: தனியாக டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன், பயப்படாதே. குச்சியை நானே இழுத்தேன். பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்தி மேலே காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் சேமியா போல நீளும். மீட்டர் பலகைக்கு நிஜ காக்பிட் போட்டோவை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி அச்செடுத்தேன். ஜெராக்ஸ் கடைப் பையன் "பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸா?" என்றான்.

முருகேசன்: (பூதக்கண்ணாடியில் பார்த்து) நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே, அச்சு விழாத இடமா?

மாணிக்கம்: அதுதான் முக்கியம். விமானம் சுழன்றபடி விழ ஆரம்பித்தால் விமானிக்குத் திசையே புரியாது. குச்சியை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளினால் அது நடுவில் நிற்கிறது என்று அர்த்தம்.

முருகேசன்: தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிகளுக்கும் ஒன்று போட்டால் தேவலை. மீட்டர்களுக்குக் கண்ணாடி?

மாணிக்கம்: ஒவ்வொன்றிலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பொட்டு.

முருகேசன்: அதுவும் அக்காவுடையதா?

மாணிக்கம்: மருமகளுடையது.

(எல்லாவற்றையும் உள்ளே வைத்து விமானத்தின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிறார்கள். நடுவில் ஒரு நூல் இடைவெளி. அமுக்கினால் மூடுகிறது, விட்டால் திறக்கிறது.)

மாணிக்கம்: பசையை ஊற்றி அமுக்கிக் கட்டிவிடலாமா?

முருகேசன்: (இப்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது) அமுக்குவதா? கடி சரியில்லாத பல் செட்டை வாயில் வைத்துக் கட்டிவிடுவேனா? நகருங்க!

(பல்லின் கடி பார்க்கிற நீலத் தாளை எடுத்து சீட்டுக்கும் விமானச் சுவருக்கும் நடுவில் வைத்து, இரண்டு பாதிகளையும் மெதுவாகச் சேர்க்கிறார்.)

முருகேசன்: கடிங்க. (தானே கடித்துக் காட்டுகிறார், பழக்கதோஷம்.) திறங்க. பாருங்க, சீட்டின் இடது தோளில் நீலம் விழுந்திருக்கிறது. அங்கேதான் இடிக்கிறது. (பல்லைத் தேய்க்கிற சிறு சுழல் முனையை வைத்துத் தேய்க்கிறார்.) மறுபடி கடிங்க. இப்போது பின்பக்கம். இன்னும் கொஞ்சம்...

மாணிக்கம்: மச்சான், கீழே ஒரு பெரியவர் அரை மணி நேரமாக நிற்கிறார்.

முருகேசன்: மேல் செட் வாங்க வந்தவர். நிற்கட்டும், அவருக்குக் கீழ்ப் பல் இருக்கிறது. உங்கள் பைலட்டுக்கு ஒன்றுமே இல்லை. (சேர்க்கிறார். இடைவெளி இல்லை.) இதுதான் கடி! பசையைக் கொடுங்க.

மாணிக்கம்: இரு, இரு. மூடுவதற்கு முன்னால் மூக்கில் கனம் வைக்க வேண்டும். மூக்கடியில் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. முன்பக்கம் கனம் இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும். (சட்டைப் பையிலிருந்து சின்ன ஈயக் குண்டுகளை எடுத்துக் கொடுக்கிறார்.)

முருகேசன்: (ஒன்றை உள்ளே போடப் போனவர் நின்று, பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறார்.) மாமா, இதில் பல் பதிந்திருக்கிறது.

மாணிக்கம்: அப்படியா?

முருகேசன்: மேலே இரண்டு முன்பல். நடுவில் சந்து. இடது பல் லேசாக உள்ளே திரும்பியிருக்கிறது. (கண்ணாடி முன் போய் "ஈ" என்று காட்டுகிறார்.) இது தூண்டில் அடிக்குப் போக நான் நரம்பில் வைத்துக் கடித்த ஈயம்!

மாணிக்கம்: வாயில் ஈயம் வைக்கக் கூடாது மச்சான், உடம்புக்கு ஆகாது.

முருகேசன்: அந்தக் கடைக்காரரை நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா?

மாணிக்கம்: அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதைப் போட்டு மூக்கு இறங்குகிறதா பார். போதாவிட்டால் சொல், உன் தூண்டில் டப்பாவில் இன்னும் நாலு இருக்கிறது.