கழிவுநீர் நிலையம் வரட்டும், நிலக் கணக்கையும் பேசுவோம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகத் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறி வருகின்றன. வீடுகள் கூடினால் கழிவுநீரும் கூடும். அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஊர்த் தண்ணீர் கடைசியில் மெர்போக் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்துச் சதுப்புநிலக் காட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே, எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவிருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம் என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது நிலத்தைப் பற்றி. அந்த நிலையத்துக்கு யாருடைய இடம் போகிறது, பழைய நிலையங்களை மூடிய பிறகு மிஞ்சும் இடம் யார் கைக்குப் போகிறது? தோட்டத்து மக்களிடம் இதை இதுவரை யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

நம் நாட்டுக் கழிவுநீர் வழிகாட்டியின்படி ஒரு வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கு. 2,000 வீடுகள் கொண்ட ஒரு தாமான் எழுந்தால் நாள்தோறும் இருபத்திரண்டரை லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். அது சரிவைத் தேடித்தான் ஓடும். பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றினால் காலமெல்லாம் மின்கட்டணம் கட்ட வேண்டும். அதனால் நிலையத்துக்குப் பெரும்பாலும் ஆற்றோரத்துப் பள்ளத்தைத்தான் தேடுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தப் பள்ளம்தான் மாட்டுக்குப் புல் அறுத்த இடம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் பெண்கள் பாத்தி கட்டி மரவள்ளியும் கீரையும் போட்ட இடமும் அதுதான். சுடுகாடு அங்கே இருக்கிறது, அதையொட்டி முனீஸ்வரரும் இருக்கிறார்.

அண்மையில் எங்கள் பக்கத்துத் திட்ட வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ஆற்று வளைவில் நீல நிறத்தில் நிலையம். வேலியைக் குறிக்கும் புள்ளிக்கோடு. கோட்டுக்கு அப்பால் ஒரே பச்சை. ஓரத்துக் குறிப்பில் பச்சைக்கு ‘விவசாயம்’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பச்சைக்குள்தான் இரண்டு வரிசை லயத்து வீடுகள் இருக்கின்றன. தகரக் கூரையும் சிவப்புப் பூசிய சூலமுமாகக் கோயில் இருக்கிறது. எங்கள் தாத்தா பாட்டிகளைப் புதைத்த மேடுகள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட ஒரு சிறு கட்டம் போடவில்லை. வரைந்தவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். பட்டாவைப் பார்த்து வரைந்திருக்கிறார். பட்டாவில் அது ஒரு நிறுவனத்தின் செம்பனை நிலம்.

இதனால் என்ன நேர்கிறது என்பதற்கு வழிகாட்டி சொல்லும் இடைவெளியையே எடுத்துக்கொள்வோம். திறந்தவெளி நிலையத்தின் வேலிக்கும் அருகிலுள்ள குடியிருப்பு எல்லைக்கும் இடையே 30 மீட்டர் விட வேண்டும். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் என்று ஒரு நிலையம் கட்டினால் அது 1 ஹெக்டர். நான்கு பக்கமும் 30 மீட்டர் சேர்த்தால் 2.56 ஹெக்டர் ஆகிவிடும். நிலையத்தைவிட இடைவெளிக்கே ஒன்றரை மடங்கு நிலம் வேண்டும். தாமான் கட்டும் மேம்பாட்டாளர் தன் மனைகளைக் குறைத்துக்கொண்டு அந்த நிலத்தைத் தரலாம். இல்லையென்றால் நிலையத்தைத் தன் எல்லை ஓரத்துக்கு நகர்த்தி, இடைவெளியில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தோட்டத்தின் தலையில் கட்டிவிடலாம். அந்தப் பக்கம் வீடே இல்லை என்று வரைபடம் சொல்லும்போது, அவரைத் தடுத்துக் கேட்க யார் வருவார்?

சட்டத்திலும் நமக்கு இடம் மிகக் குறுகலாக இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) இல்லாத பகுதியில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தரச் சொல்கிறது. நில உரிமையாளர்களுக்கு மட்டும்தான். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருப்பவர் பெயரில் பட்டா இல்லை, அதனால் நோட்டீஸும் வராது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது: இழப்பீட்டில் பங்கு கேட்கக்கூடியவர்கள் யார் என்று விளக்கும் இடத்திலேயே, உரிமையாளர் விருப்பப்படி குடியிருப்பவரை விலக்கி வைத்திருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டுவாசலில் வைத்த பலாவும் தென்னையும் யார் கணக்கில் வரும்?

எனக்குப் பொறுக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாமான் வீடுகளின் கழிவெல்லாம் குழாய் வழியாக எங்கள் பள்ளத்துக்கு வரப்போகிறது. லயத்து வீடுகளுக்கு அந்தக் குழாயில் இணைப்பு இல்லை. மழைக்காலத்தில் பொங்கும் பழைய மலக்குழியோடுதான் அவர்கள் தொடர்ந்து காலம் தள்ள வேண்டும். இதை எந்த அதிகாரியிடமும் எந்த மேடையிலும் நான் கேட்பேன்.

வேறு வழியில்லை என்று சொல்கிறவர்கள் கோலாலம்பூரில் பந்தாய் டாலாமுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பழைய கழிவுநீர்க் குளங்கள் இருந்த இடத்தில், 14 லட்சம் பேருக்கான நிலையத்தை நிலத்துக்கு அடியில் கட்டியிருக்கிறார்கள். மேலே சுமார் 12 ஹெக்டரில் பொதுமக்களுக்கான பூங்கா. நம் ஊருக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் முழுவதும் மூடிய நிலையத்துக்கு இடைவெளி குறைவாகவே போதும். அந்த வாய்ப்பையாவது ஆராய்ந்தார்களா என்று கேட்பதில் என்ன தவறு?

இனி, மிஞ்சும் நிலம். பெரிய நிலையம் வந்தால் பழைய தாமான்களில் உள்ள சிறிய நிலையங்களையும் குளங்களையும் மூடிவிட்டு, அவற்றின் குழாய்களை இதனோடு இணைப்பார்கள். இது நல்ல ஏற்பாடு. காற்றையும் பாசியையும் நம்பி வேலை செய்யும் பழைய குளங்களில் நீர் பல நாள் தங்க வேண்டும், அதனால்தான் அவற்றுக்கு அத்தனை அகலம். அவற்றை மூடினால் ஊருக்கு நடுவே, கடைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், விலையேறிய நிலம் விடுபடும். அங்கே இன்னொரு அடுக்குமாடி எழும்பினால் அந்தக் கழிவும் எங்கள் பள்ளத்துக்குத்தான் வரும். பள்ளத்து மக்கள் தங்கள் இடத்தைக் கொடுத்து விடுவித்த நிலம் அது. அதில் முதல் உரிமை அவர்களுக்கே என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்தப் பட்டாவோடு தரைவீடுகள் கட்ட அதில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் கலைந்துபோய் மாணவர் குறைந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும்.

பெரிய குழாய் போகும் திசையைப் பார்த்தே அடுத்த தோட்டத்துக்கு விலை பேசுவார்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்ட பிறகே விற்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே மற்றத் தோட்டத்து நண்பர்களும் இதை அடுத்த வீட்டுச் செய்தியாக எண்ணிவிடாதீர்கள்.

நமக்குத் திறந்திருக்கும் ஒரே பெரிய கதவு, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கும் காலம். அப்போது ஆட்சேபம் தெரிவிக்கப் பட்டா தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். திட்டம் அரசிதழில் வந்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரருக்குக்கூட நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டாயம் இருக்காது. அந்தச் சமயத்துக்காக இப்போதே தயாராக வேண்டும். வீடுகள், கோயில், சுடுகாடு மூன்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பதே நம் கடிதத்தின் முதல் கோரிக்கை. அதற்குச் சான்று வேண்டும். பழைய மின்கட்டண ரசீது, கோயில் திருவிழா அழைப்பிதழ், இறப்புப் பத்திரத்தின் நகல், பின்னால் ஆண்டு எழுதிய புகைப்படம் என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வெளியூருக்குக் குடிபோன அண்ணன்மாரும் அக்காமாரும் பெட்டியைத் திறந்து தேடிப் பாருங்கள். கிடைத்ததைத் தெளிவாகப் படம் பிடித்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மூலப் பிரதியை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.