ஃபயர்பிளேஸுக்கு மேல டிவி வேண்டாமுங்க

கோத்தகிரி, குன்னூர், ஏற்காடுன்னு மலையில வீடு வாங்கற நம்ம கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரங்களுக்கு ஹாலுக்குள்ள போனதும் கண்ணு போற இடம் ஒண்ணுதான்: ஃபயர்பிளேஸுக்கு மேல இருக்கற காலிச் சுவர். "55 இன்ச் இங்க கச்சிதமா உக்காருமுங்க"ம்பாங்க. உக்காரும். ஆனா பாக்கறவங்க கழுத்துக்கும் ஆகாது, டிவிக்கும் ஆகாது. விறகு எரிக்கற கணப்புன்னா மேல டிவி மாட்டவே கூடாதுங்கறதுதான் என் கட்சி.

உயரக் கணக்கைப் பாருங்க. சோபாவுல உக்காந்தா நம்ம கண்ணு தரையிலிருந்து 40, 42 இன்ச்ல இருக்கும். டிவியோட நடுப்பகுதி அந்த மட்டத்துக்கு வரணும். 55 இன்ச் டிவி சுமார் 48 இன்ச் அகலம், 27 இன்ச் உயரம். அப்படின்னா கீழ் விளிம்பு 27, 28 இன்ச்ல நிக்கணும். ஃபயர்பிளேஸ் மேல்பலகையே 54 இன்ச்ல இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல 6 இன்ச் இடம் விட்டா டிவி 60 இன்ச்ல ஆரம்பிக்கும், நடு 73 இன்ச்சைத் தாண்டிடும். ஒம்பது அடி தள்ளி உக்காந்து பாத்தா கண்ணை 16 டிகிரி மேல தூக்கணும். செய்தி பாக்கற பத்து நிமிசத்துக்குத் தெரியாது, முழுப்படம் பாத்தா பிடரி சொல்லும். இதுல பேனல், அதாவது திரை வகை வேற இருக்குது: விஏங்கற வகை டிவியைக் கீழிருந்து பாத்தா கருப்பு வெளிறி சாம்பல் ஆயிடும். ஐபிஎஸ்ங்கற வகையில அது கொஞ்சம் குறைவு. டில்ட் பிராக்கெட் போட்டு டிவியைக் கீழ சாய்ச்சா நிறம் ஓரளவுக்குத் தேறும், கழுத்து தேறாது.

சமவெளியில கணப்பே இல்லாத வீட்டுலயும் இதே தப்புதானுங்க நடக்குது. ஒயர் விடச் சுவத்துல காடி, அதாவது பள்ளம் எடுக்கும்போதே எலக்ட்ரீசியன் டிவி பிளக் பாயின்ட்டை அஞ்சடியில வெச்சுடறாரு. அப்புறம் வாங்கற டிவி அந்தப் பிளக் பெட்டியை மறைக்கற உயரத்துக்கு ஏறிடுது. டிவி எத்தனை இன்ச்சுன்னு முடிவு பண்ணிட்டு பாயின்ட் உயரத்தைச் சொல்லுங்க.

அடுத்தது சூடு. பெரும்பாலான டிவி கையேட்டுல 40 டிகிரி வரைக்கும்தான் ஓட்டலாம்னு போட்டிருக்கும். எரியற கணப்புக்கு மேல சுவரை ஒட்டி ஏறற காத்து அதைச் சுலபமாத் தாண்டும். மேல்பலகை எட்டு, பத்து இன்ச் வெளிய நீட்டிட்டு இருந்தா சூடு கொஞ்சம் முன்னால தள்ளிப் போகும், அவ்வளவுதான். "நெருப்பு இருக்கறப்ப டிவி போடமாட்டோம்"னு சொன்னாலும் ஒத்துக்க முடியாது. செங்கல் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், நெருப்பு அணைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சும் சுவர் கதகதன்னுதான் இருக்கும். சந்தேகமா இருந்தா டிவி அளவுக்கு நியூஸ்பேப்பரை வெட்டி சுவத்துல ஒட்டி, கீழ் விளிம்பு வர்ற இடத்துல ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, ரெண்டு மணி நேரம் விறகு எரிச்சுப் பாருங்க. 38 தாண்டுச்சுன்னா பேச்சே இல்லை. பேப்பர் ஒட்டினதோட அரைமணி நேரம் சோபாவுல உக்காந்து அதையே பாத்தீங்கன்னா உயரமும் புரிஞ்சிரும்.

மலையில கிடைக்கற சீகை, யூகலிப்டஸ் விறகு பாதி நாள் ஈரம். ஈர விறகு புகையைத் தள்ளும், காத்து திரும்பினா புகை ஹாலுக்குள்ளயே இறங்கும். அந்தக் கரி டிவிக்குப் பின்னால இருக்கற காத்துத் துவாரம் வழியா உள்ள போய் போர்டு மேல படியும். சவுண்ட்பாரை டிவிக்குக் கீழ மாட்டினா இன்னும் மோசம், நெருப்புக்குப் பக்கத்துல இருக்கறது அதுதான்.

எல்லாத்தையும் விட எனக்குப் பயம் துளை போடறதுலதான். அந்தச் சுவருக்குள்ள புகைக்கூண்டு ஓடுது. பழைய பங்களாவுல கூண்டுக்கு முன்னால அரைக்கல் சுவர், அதாவது நாலரை இன்ச் மட்டும் இருக்கலாம். ஆங்கர் போல்ட்டுக்கு மூணு இன்ச் துளைச்சா மிச்சம் ஒன்றரை இன்ச். பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்து விரிசல் விட்டா கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு உள்ள வரும், அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மண்சாந்துல கட்டின கருங்கல் சுவர்னா போல்ட் பிடிக்கவே பிடிக்காது. திருகு பிடிக்கத் துளைக்குள்ள சொருகற நைலான் பிளக் சூட்டுல தளரும். இதுல 15 கிலோ டிவி, பிராக்கெட் எடை வேற. பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல தாங்காது, அதனால கூண்டுச் சுவருக்குள்ள காடி எடுத்து ஒயர் விடறதையும் மறந்துருங்க.

அப்ப எங்க மாட்டறது? கூண்டு துருத்திட்டு இருக்கறதுக்கு ரெண்டு பக்கமும் உள்வாங்கின இடம் இருக்குமல்லங்க, அங்கதான். ஒரு தாழ்வான பெட்டி, அதுமேல டிவியை அதோட காலுலயே நிறுத்துங்க. சுவத்துல மாட்டித்தான் ஆகணும்னா திருப்பற கை இருக்கற பிராக்கெட் வாங்குங்க. டிவி பின்னால திருகு ஓட்டைகளுக்கு நடுவுல இருக்கற தூரம், அதாவது வெசா அளவு மில்லிமீட்டர்ல 200க்கு 200ஆ, 400க்கு 400ஆன்னு பாத்துட்டுக் கடைக்குப் போங்க. கை நீள நீள பிராக்கெட்டோட மேல்பக்கத்து போல்ட்டுல இழுப்பு கூடும். ஹாலோ பிளாக்னா சாதாரண பிளக் வேண்டாம், சுவத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் வாஷர் போட்டு முறுக்குங்க. எச்டிஎம்ஐ கேபிளுக்கு ரெண்டு இன்ச் பைப் போட்டு வெச்சுக்குங்க, முக்கால் இன்ச் பைப் வளைவுல கேபிள் தலை போகாது.

அபார்ட்மென்ட்டுல மாட்டற எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் வேற சங்கதி. எல்ஈடி வெளிச்சம் மட்டும்னா சூடு இல்லை, பெட்டியைத் தரையோட தாழ்த்தி வெச்சா மேல டிவி மாட்டிக்கலாம். ஹீட்டரும் இருந்தா சூடான காத்து எந்தப் பக்கம் வருதுன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. மேல்பக்கம் வந்தா வேண்டாம், கீழ்ப்பக்கம் வந்தா பரவாயில்லை. 2000 வாட்ஸ் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுக்குத் தனியா 16 ஆம்பியர் பிளக் வேணும். டிவியோட எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல அதைச் சொருகிறாதீங்க.